கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

நேற்று மாலை முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோவில் வருகையில், புதுச்சேரி ஜவுளிக்கடையொன்றில் பணிபுரியும் எங்கள் தெருப் பிள்ளை தன் கணக்கு நோட்டைக் காட்டினான்.

சம்பளம் 12,000 ரூபாயில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாகிய 1,440 போக, அம்மாவின் மருந்துக்கும் செல்போன் தவணைக்கும் தங்கையின் படிப்புக்கும் பங்கிட்டபின், வாரம் 100 வீதம் 14 மாதங்களாகச் சேர்ந்த சிறு தொகைக்கு மேலே ‘ஊட்டி’ என்று எழுதியிருந்தான்.

சனிக்கிழமைதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் வாசலைக் கடந்து புதுவைக்கு உல்லாச யாத்திரை போகிற சென்னைக் கார்களைப் பார்த்தே வளர்ந்த அவன், இதுவரை விழுப்புரம் ஜங்ஷனைத் தாண்டியதில்லை.

"அம்மாவுக்குக் காய்ச்சல்ண்ணே, அதுலேர்ந்து 600 எடுத்துட்டேன்."

குற்றவாளிபோல அவன் சொன்ன அந்த க்ஷணம் இன்னமும் நெஞ்சை வாட்டுகிறது.

ஒருமுறை மலையைப் பார்க்க விழைகிற இந்த வயதின் ஆசையை ஆடம்பரமென்று உபதேசிக்க நமக்கென்ன நியாயம் இருக்கிறது, நண்பர்களே?