கபேரோஸ், கோரி

கிண்டியில் ஓர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வரைபடம் வரைந்தேன். களத்துக்குப் போவது ஆண்கள். "ராத்திரி தங்கணும் மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" அவர்கள் கொண்டுவரும் எண்களைத் திரையில் புள்ளிகளாக்குவது என் வேலை.

அந்த நாட்களில்தான் டாலமி மீது பிரியம் வந்தது. கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்துகொண்டு, மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதை வைத்து உலகத்துக்கே அட்சரேகை, தீர்க்கரேகை எழுதியவர். என்னைப் போல, பார்க்காத கரையை வரைந்தவர். நம் தீபகற்பத்தைத் தட்டையாக நசுக்கி, இலங்கையை ஊதிப் பெருக்கிவிட்டார் என்பது வேறு கதை.

அவரிடம் காவிரி 'கபேரோஸ்'. பிறக்கும் மலை, கழிமுகம், 'கபேரிஸ்' என்ற துறைமுகம் எல்லாவற்றுக்கும் இடம் குறித்திருக்கிறார். அந்தத் துறைமுகம் நம் காவிரிப்பூம்பட்டினம். தெற்கே 'கோரி' என்று ஒரு முனை. தனுஷ்கோடிப் பக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே முனைக்கு ஓர் எண் உண்டு. கடல்வழி எப்படி என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கிரேக்கர்களைப் படித்து எழுதிய ரோமானியர் பிளினி கொஞ்சம் சொல்கிறார்: இலங்கைக்கு இடைப்பட்ட கடல் ஆழமற்றது, ஆனால் சில கால்வாய்களில் நங்கூரம் தரை தொடாது, திரும்ப இடமில்லாததால் கப்பல்களுக்கு இரு பக்கமும் முகப்பு.

ஆற்றைக் கேட்டு எழுதிவிடலாம். கப்பல் நிற்கும், சரக்கு இறங்கும், யாராவது மேற்கே கைகாட்டி மலையைச் சொல்வார்கள். கடலிடுக்கு அப்படியில்லை. மணல்திட்டு இடம் மாறும். நுழைந்து வெளியே வந்தவருக்குத்தான் அது தெரியும்.

வேலையை விட்ட பிறகு, என் காசில் பாம்பன் போனேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவுடன் கரையில் உட்கார்ந்திருந்தேன். "இங்கன இடுப்பளவு. அங்கன நாலு எட்டு வச்சா ஆளு முங்கும். போன வருசம் அப்படி இல்ல தாயி," என்றார். அவர் அம்மாவும் இதே கடலில் பாசி எடுத்தவர். 1986இல் தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா வந்தது. அவர்கள் வழக்கமாகப் போன இடங்களில் சில தடைசெய்யப்பட்டவை ஆயின.

"எல்லை எங்க இருக்குன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"புடிக்கும்போது தெரியும்."

அந்த எல்லையைக் கிண்டியில் உட்கார்ந்து எத்தனையோ முறை சிவப்புக் கோடாக இழுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே வெளிர்நீலம் பூசியிருந்தேன்.