இரண்டு பேரேடுகள்

திருவண்ணாமலையில் வணிகத்தின் மாதம் பௌர்ணமியில் தொடங்கிப் பௌர்ணமியில் முடிகிறது. 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையோரச் சிறுகடைக்காரர்கள், கற்பூரமும் திருநீறும் அகல் விளக்கும் கடனுக்கு எடுத்துச்சென்று, கூட்டம் கலைந்த பிறகே பணம் கொண்டுவருவார்கள். ஆகவே என் சிற்றப்பாவைப் போன்ற மொத்த வியாபாரிக்குச் சரக்கைவிடப் பற்று வரவுக் கணக்குதான் உயிர். அவரிடம் நானூறுக்கு மேற்பட்ட பற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கையெழுத்திட்டுச் சரக்கு வாங்குவதில்லை, முகத்துக்குத்தான் கடன்.

கடை தேரடி வீதியருகே, கிடங்கு செங்கம் சாலையில். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. ஊரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர், ஆக்சஸ் மென்பொருளில் இருந்த கணக்குக் கோப்பை இணையச் சேமிப்புக் கோப்புறை ஒன்றில் வைத்து, இரு கணினிகளிலும் அதைத் திறந்து காட்டினார். "மேகத்தில் ஏற்றியாயிற்று" என்று சிற்றப்பா தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது. சாதாரண நாள்களில் அது வேலையும் செய்தது. ஒருவர் எழுதும்போது மற்றவர் சும்மா இருந்தார் என்பதே காரணம்.

2019 கார்த்திகை தீப வாரத்தில் இருவரும் ஓயாமல் எழுதினார்கள். கூட்டத்தில் இணையமும் திணறியது. சேமிப்புச் சேவை, எது சரி என்று முடிவுசெய்ய இயலாமல், இரண்டையும் வைத்துக்கொண்டது: ஒன்று பழைய பெயரில், மற்றொன்று 'முரண்பட்ட நகல்' என்ற வாலோடு. அந்த வாலை எவரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, பாதையோரத்தில் பூஜைப் பொருள் விற்கும் ஒரு பெண்மணியிடம் 4,200 ரூபாய் பாக்கி கேட்கப்பட்டது. "முதலாளி, தீபத்துக்கு மறுநாளே குடோன்ல குடுத்துட்டேனே" என்றார் அவர். கணினி இல்லை என்றது. அவர் அழவில்லை, வாதாடவுமில்லை. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து வைத்தார். கிடங்குப் பையன் பென்சிலால் தொகையும் தேதியும் எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிற்றப்பா பிறகு பலமுறை கேட்டிருக்கிறார். நான் ஊருக்குப் போய் இரண்டு இரவுகள் உட்கார்ந்து இரு கோப்புகளையும் ஒத்துப்பார்த்ததில், இப்படி 31 வரவுகள் அந்த இரண்டாவது பேரேட்டில் கிடந்தன. சீட்டு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே.

இதில் நுட்பம் ஒன்றும் பெரிதில்லை. கோப்புகளை ஒத்திசைக்கும் சேவைக்குத் தன்னிடம் இருப்பது ஒரு கோப்பு என்று மட்டுமே தெரியும். அதனுள் ஒரு வரி கற்பூரக் கணக்கு, இன்னொரு வரி அகல் கணக்கு என்பது தெரியாது. ஒருவர் ஒரு வரியை மாற்றும்போது மற்றவர் அதில் கைவைக்காதபடி ஆக்சஸ் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்குகிறது. ஆனால் இரண்டு கணினிகளில் இரண்டு நகல்கள் இருக்கையில், அவரவர் வீட்டை அவரவர் பூட்டிக்கொள்வதால் யாருக்கு என்ன பயன்? டேலி போன்ற கணக்கு மென்பொருள்களின் தரவையும், பயன்பாட்டில் இருக்கும்போதே இத்தகைய கோப்புறையில் வைப்பது ஆபத்துதான். வழங்கி எனப்படும் சர்வரில் இயங்கும் தரவுத்தளம் வேறு வகை. அங்கே கோப்பு பயணம் செய்வதில்லை. "இவர் கணக்கில் இவ்வளவு வரவு வை" என்ற கட்டளை மட்டுமே போகிறது. ஒரே கணக்கப்பிள்ளை, ஒரே பேரேடு, பலர் குரல்.

(சோழர் காலக் கல்வெட்டுகளில், நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகளை விட்டு, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்திருப்பார்கள். ஆடு சாகும், கணக்கில் எண்ணிக்கை சாகாது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டி, 'பழங்கற்படி' என்று குறித்துவைத்தார்கள். எது மூலம், எது படி என்று எழுதிவைக்கும் அந்த ஒழுங்கைத்தான் எங்கள் கடைக் கோப்புறையில் காணோம்.)

இப்போது கணக்கு ஒரு வாடகை வழங்கியில் இருக்கிறது. கடையும் கிடங்கும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு அதனுள் நுழைகின்றன. யார் எந்த வரவை எப்போது வைத்தார் என்பதும் பதிவாகிறது. இணையச் சேமிப்பை விட்டுவிடவில்லை. கடை அடைத்த பிறகு, தேதியைப் பெயரில் தாங்கிய ஒரு காப்பு நகல் அங்கே போய்ச் சேர்கிறது. அதற்கு அது மிகப் பொருத்தமான இடம். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு நகலை வேறொரு கணினியில் திறந்து, கூட்டுத்தொகை சரியா என்று பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு 7 பேர் மண்ணில் புதைந்து மாண்ட இரவுக்குப் பிறகு, சிற்றப்பா என்னை அழைத்தார். கடைக்கு ஒன்றுமில்லை. "ஏம்ப்பா, நம்ம கணக்கு இந்த ஊருக்கு வெளியிலயும் இருக்குதானே?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

பௌர்ணமி இரவில் இணையம் இன்னும் திணறுகிறது. அப்போது கிடங்கில் பையன் துண்டுச்சீட்டு எழுதுகிறான், இரண்டு படிகளாக, இப்போது பேனாவால். காலையில் அவை ஏற்றப்படுகின்றன. அந்தப் பெண்மணி இன்றும் சீட்டை வாங்காமல் நகர்வதில்லை.