யானையின் விளி

இலக்கணங் கற்பித்தலே தொழிலாக முப்பத்தைந்தாண்டு கழித்து இப்பொழுது ஓய்ந்திருக்கும் எளியேன், மாணாக்கர்க்குப் பன்முறை கூறியதொன்றனைத் திருத்திக் கூறக் கடமைப்பட்டவனாயினேன். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், கூகை குழறும் என மரபுச்சொற்களை ஒப்பிக்கச் செய்தபின், 'இவை யாவும் எழுத்திலா ஓசை. ஒன்றையொன்று பெயர்கூறி விளித்தல் மக்கட்கே உரியது' என்று முடித்துவிடுவது என் வழக்கம். அத்துணைத் துணிவோடு கூறியிருத்தலாகாது.

1974ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் அகவையிலே, ஒரு திருமடத்திற் சேர்ந்து பாடங்கேட்டு வந்தேன். சூடாமணி நிகண்டின் ஒலிபற்றிய பெயர்த்தொகுதியை விடியலில் நெட்டுருச் செய்தற்கு யான் தேர்ந்த இடம் யானைக்கொட்டிலின் திண்ணை. அங்கே பிடியொன்று தனித்து நின்றது. ஒருநாள் அதன் நெற்றியிற் கைவைத்தபோது, உள்ளே முழவு அதிர்ந்தாற்போல ஓர் அதிர்வு உள்ளங்கையிற் பட்டது; செவிக்கோ யாதும் புலனாகவில்லை. வியந்து நின்ற என்னை நோக்கிப் பாகர், "அது பேசுகிறது, தம்பி, நமக்குத்தான் கேட்காது" என்றார். எழுத்தறியாத அவர்க்கு யான் இலக்கணஞ் சொல்லத் தொடங்கினேன். கேளாதது ஒலியன்று, பொருளில்லாதது சொல்லன்று என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தழையை உதறிப் போட்டார். பின்னாளிலே சித்தாந்த நூல்களில் நால்வகை வாக்கினைப் பாடங்கேட்டு, வைகரி ஒன்றே பிறர் செவிக்குப் புலனாவது என்று ஒப்பித்தபோதும் அம்முதியவர் சொல் நினைவுக்கு வந்திலது. யானைக்கு அது வைகரியே, புலனாகாமை நமக்கே.

பத்தாண்டு சென்று 1984இல், அமெரிக்க நாட்டுப் போர்ட்லாந்து நகரத்து விலங்குக் காட்சிச்சாலையிலே ஆசிய யானைகளின் அருகு நின்ற கேட்டி பெயின் என்னும் அம்மையார், காற்றில் அத்தகைய அதிர்வையே உணர்ந்தார். அவர் அதற்குமுன் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர். இளமையிலே தேவாலயத்தில் ஆர்கன் என்னும் பெருங்குழற்கருவியின் மிகத் தாழ்ந்த சுருதி உடம்பில் அதிர்ந்ததை நினைவுகூர்ந்து, செவிக்கெட்டாத ஒலி அங்குண்டுகொல் என ஐயுற்றார். பதிவுசெய்து பார்த்தவிடத்து, நொடிக்கு 14 முதல் 24 வரை அதிர்வுடைய குரல்கள் அகப்பட்டன. ஏறத்தாழ 20க்குக் கீழ்ப்பட்டதனை மக்கட்செவி கேளாது. இஃது 1986இல் ஆராய்ச்சியுரையாக வெளிவந்தது. தாழ்ந்த ஒலி மரஞ்செடிகளாற் பெரிதும் தடைப்படாது செல்லுமாதலின், சில கிலோமீட்டர் அப்பாலுள்ள இனத்துக்கும் அக்குரல் எட்டும். பாகர் சொல் மெய்யாயிற்று.

அக்குரல் மிடற்றிலே பிறக்குமாறும் 2012இல் தெளிவாயிற்று. இறந்த யானையொன்றன் குரல்வளையிலே காற்றைச் செலுத்தியபோது, மக்கட்குப் போலவே குரல்நாண்கள் அதிர்ந்தன. பிறப்பியல் கற்றார்க்கு இது பெரும்புதுமையன்று.

என்னை நிலைகுலைத்தது 2024இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி. கென்யா நாட்டில் அம்போசெலி, சம்புரு என்னுமிடங்களில் வாழும் ஆப்பிரிக்க யானைகளின் 469 தாழ்குரல்களைக் கணிப்பொறியிலிட்டு, எக்குரல் எந்த யானையை நோக்கி எழுந்தது என உய்த்துணரச் செய்தனர். தற்செயலாக நேரக்கூடியதனினும் மிகுதியாய், நான்கில் ஒரு பங்குக்குமேல் அது சரியாகக் கண்டது. பின்னர் 17 யானைகட்கு அக்குரல்களை ஒலிப்பித்துக் காட்டினர். தன்னை விளித்த குரலாயின் யானை விரைந்து அணுகிற்று, மறுகுரலும் கொடுத்தது. பிறிதொன்றை விளித்ததாயின் அத்துணைப் பொருட்படுத்திற்றில்லை.

இலக்கணமுடையார் இங்கே சிறிது நின்று நோக்குக. கடலில் வாழும் ஓங்கில், துணையினது தனிச்சீழ்க்கையை அவ்வாறே தானும் ஒலித்து அதனை அழைக்கும். அஃது அவ்வுயிரின் குரலையே பற்றி எழுதலிற் காரணப்பெயர் போல்வது. யானையோ அழைக்கப்படுவதன் குரலைப் பின்பற்றி ஒலிப்பதாகக் காணப்படவில்லை. அங்ஙனமாயின் அஃது இடுகுறியன்றோ! தொல்காப்பியர் விளிமரபிலே அஃறிணைப்பெயரும் விளியேற்குமென்றார். அது நாம் அவற்றை விளிப்பது பற்றியது. அவை தம்முள் விளித்துக்கொள்ளுதற்கு எவ்வியலில் இடங்காண்பது? குரலின் எப்பகுதி பெயர் என்பது அவ்வாராய்ச்சியிலே பிரித்தெடுக்கப்படவில்லை என்பதும் உண்மை. இதனை நம்நாட்டு யானையின்மேல் ஏற்றியுரைக்கவும் துணியேன். ஒருமுறை துணிந்து பட்டது போதும்.

ஆயினும் அக்கொட்டில் அடிக்கடி நினைவில் வருகின்றது. திருமடத்தார் இட்ட பெயரால் யாமெல்லாம் அப்பிடியை விளிப்போம். அது துதிக்கையை உயர்த்தும். குட்டிப்பருவத்தே இனத்தைப் பிரிந்து வந்த அதற்கு, அவ்வூரிலும் சுற்றூர்களிலும் வேறு யானை இல்லை. நெற்றியின் அதிர்வு அடங்கியபின் அது செவி வீசுதலை நிறுத்தி, வாயிலிட்ட தழையையும் மெல்லாது, சிறிதுபோது அசைவற்று நிற்கும். உறக்கமென்று எண்ணியிருந்தேன். தொலைவிலிருந்து வருங்குரலுக்குச் செவிகொடுக்கும்போது யானைகள் அங்ஙனமே நிற்குமென்பதனை அண்மையிற்றான் படித்தேன். பின்பு அது தழையை மெல்லத் தொடங்கும். யானும் விட்ட செய்யுளிலிருந்து நெட்டுருவைத் தொடங்குவேன்.