மிதித்தால் ஓடும் படகு... திரும்பி வருவதுதான் கணக்கு! லா ஹோயா கடலில் பெடல் கயாக் மீன்பிடி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியகோ நகரில் இருக்கிறது லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரை. அங்கே அவெனிடா டி லா பிளாயா என்றொரு தெரு நேராகப் போய் மணலில் முடிகிறது. விடிவதற்கு முன்பே அந்த மணலில் வரிசையாகப் படகுகள் இறங்குகின்றன. ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய, நீளமான பிளாஸ்டிக் படகுகள். இன்ஜின் கிடையாது, பாய் கிடையாது. உட்கார்ந்து காலால் மிதித்தால் கடலுக்குள் போகும். இவைதான் பெடல் கயாக்குகள்.

காலால் ஓட்டுவதில் பெரிய லாபம், இரண்டு கைகளும் தூண்டிலுக்குக் கிடைத்துவிடும். ஒரு கையால் சுக்கானைத் திருப்பிக்கொண்டே மறுகையில் தூண்டில் பிடிக்கலாம்.

கடலுக்குள் ஒரு காடு

லா ஹோயாவின் ஸ்பெஷலே கடலுக்குள் இருக்கும் காடுதான். கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசி, அடித்தரையிலிருந்து மரம் போல எழுந்து நீர்மட்டத்தில் படர்ந்து கிடக்கும். நல்ல சூழலில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல்கூட வளரும். கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கும் தொடங்குகிறது. அதனால், ஆழ்கடலில் தேட வேண்டிய மீன்கள் மிதித்துப் போகிற தூரத்திலேயே கிடைக்கின்றன. இதில் ஹீரோ, யெல்லோடெயில். நம்மூர் பாரை மீனுக்கு இது உறவு. தூண்டிலில் சிக்கினால் படகையே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.

பெயருக்குள் நம் கட்டுமரம்

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி மக்களின் வேட்டைப் படகு. அதைக் காலால் ஓட்டும் முறையைப் பிரபலமாக்கியது, ‘ஹோபி கேட்’ நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ். இந்த நிறுவனம் நீண்ட காலம் இயங்கியது, லா ஹோயாவுக்கு வடக்கே இருக்கும் ஓஷன்சைடு ஊரில். பெயரில் வரும் ‘கேட்’ பூனை அல்ல, ‘கேட்டமரான்’ என்பதன் சுருக்கம். அந்த ஆங்கிலச் சொல் பிறந்தது நம் ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து!

இறக்கையா, புரொப்பல்லரா?

படகு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெடல் கயாக்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, இறக்கை வகை. பெங்குவின் நீந்துவதுபோல, படகுக்கு அடியில் இரண்டு இறக்கைகள் பக்கவாட்டில் வீசும். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் இறக்கைகள் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். பாசிக்கு மேலேயும் ஆழமில்லாத இடத்திலும் வழுக்கிப் போய்விடலாம்.

இன்னொன்று, புரொப்பல்லர் வகை. சைக்கிள் போலவே மிதிக்கலாம். பின்னோக்கி மிதித்தால் படகு உடனே பின்னால் வரும். பிடிபட்ட மீன் பாசிக்குள் இழுக்கும்போது இது பெரிய உதவி. ஆனால், கெல்ப் சுற்றிக்கொண்டால் மிதிப்பது நின்றுவிடும். மேலே தூக்கிப் பிரித்தெடுக்க வேண்டும்.

இப்போது பின்னால் போகும் வசதியோடு இறக்கை வகையும் வந்துவிட்டது. விலைதான் கூடுதல். நல்ல பெடல் கயாக் பல ஆயிரம் டாலர், நம் ரூபாயில் லட்சங்கள்.

அகலம் தரும் நிம்மதி, எடுக்கும் விலை

கடையில் அகலமான படகுதான் முதலில் கண்ணில் படும். எழுந்து நின்றுகூடத் தூண்டில் போடலாம். ஆனால், அகலம் கூடக் கூட வேகம் குறையும், எடையும் ஏறும். உபகரணங்களோடு 60 கிலோவைத் தாண்டும் படகுகள் உண்டு. அதைக் காரில் ஏற்றி, மணலில் இழுத்து வரப்போவது ஒரே ஆள். சக்கர வண்டி இல்லாமல் முடியாது.

இந்தக் கடலில் காலையில் நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எழும். ஒரு மைலுக்கு மேல் போனவர், களைத்த காலோடு அந்தக் காற்றில்தான் திரும்ப வேண்டும். கரையை நெருங்கும்போது அலை உடையும். அங்கே பெடல் உதவாது. இறக்கையோ புரொப்பல்லரோ தரையில் மோதினால் வளைந்துவிடும் என்பதால், அதை மேலே எடுத்துவிட்டுத் துடுப்பால்தான் வர வேண்டும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் கவிழ்வது உறுதி. அனுபவசாலிகள் கரைக்கு வரும் முன்பே தூண்டில்களைப் படகின் உள்ளறையில் பூட்டிவிடுகிறார்கள்.

அதனால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குவது நல்லது. பெடலை நொடியில் வெளியே எடுக்க முடிகிறதா? தளத்தில் ஏறிய நீர் தானாக வடியத் துளைகள் இருக்கின்றனவா? மூடிகள் இறுக்கமாக மூடுகின்றனவா? படகின் வயிற்றுக்குள் நீர் புகுந்தால் கவிழ அதிக நேரம் ஆகாது.

எங்கும் பிடிக்க முடியாது

படகு இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மட்லஹுவாய்ல் கடல் காப்பகம் இருக்கிறது. 2012 முதல் அங்கே மீன்பிடிக்கத் தடை. எல்லையைக் காட்டும் ஜி.பி.எஸ் அவசியம். 16 வயதானவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸும் கட்டாயம். லைஃப் ஜாக்கெட், சேனல் 16 பிடிக்கும் வி.ஹெச்.எஃப் ரேடியோ, விசில் மூன்றும் உடலோடு இருக்க வேண்டும். பசிபிக் நீர் குளிரானது. குளிர்காலத்தில் 14 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். விழுந்தவருக்கு நேரம் குறைவு.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

இரண்டு வகையையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அமைதியான நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துங்கள். தனியாக அதை நிமிர்த்தி, மறுபடி ஏறி உட்கார முடிகிறதா? முடியாவிட்டால், அது எவ்வளவு அழகான படகாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை!