நிலவின் பிட்டுகளும் குரலின் நடுக்கமும்

பெங்களூருவுக்கு வெளியே பையாலாலு என்னும் ஊரில் இஸ்ரோவின் 32 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனா நிற்கிறது. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1 அனுப்பும் தரவுகளைப் பெறுவதற்கென அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவது, ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பிட்டுகளின் ஒற்றை வரிசை. ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கடிகாரம் தனியாக வருவதில்லை. குறிகை 0-இலிருந்து 1-க்கும் 1-இலிருந்து 0-க்கும் மாறும் விளிம்புகளைப் பார்த்தே ரிசீவர் தன் கடிகாரத்தைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த விளிம்புகளோ உரிய கணத்தில் வருவதில்லை. இந்த விலகலைத்தான் ஜிட்டர், அதாவது நேர நடுக்கம் என்கிறோம். ஆனால் எல்லா விலகலும் ஒரே இனம் அன்று. நிலவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் நொடிக்குச் சுமார் 1.6 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது நேராக நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் ஒவ்வொரு பிட்டும் பத்து லட்சத்தில் 5 பங்கு சுருங்கும். அற்பமான அளவுதான், ஆயினும் இதைப் பின்தொடராத ரிசீவர் ஒரு லட்சம் பிட்டுகளுக்குள் அரைப் பிட் நழுவி, 0 எது 1 எது என்று அறியாமல் நிற்கும். இன்னொரு பக்கம், வெப்ப இரைச்சல் ஒவ்வொரு விளிம்பையும் தற்செயலாக முன்னும் பின்னும் தள்ளுகிறது. அதைப் பின்தொடர்ந்தாலோ கடிகாரமே நடுங்கத் தொடங்கிவிடும்.

இரண்டுக்கும் இடையே கோடு போடுவது ஃபேஸ் லாக்டு லூப் என்னும் சுற்று. அதன் பட்டையகலம் பெரிதானால் கலத்தின் போக்கோடு இரைச்சலும் உள்ளே வரும். குறுகினால் இரைச்சல் குறையும், பிடியும் நழுவலாம். கச்சேரியில் பாடகர் காலப்பிரமாணத்தை மெல்லக் கூட்டினால் மிருதங்கக்காரர் சத்தமில்லாமல் கூடவே போய்விடுவார். ஒரேயோர் அடி முந்தி விழுந்தால் அவைக்கே தெரியும்.

ஆகவே ஜிட்டர் என்பது கம்பியின் பண்பு மட்டுமன்று, கேட்பவரின் பண்பும் கூட. தொலைத்தொடர்பில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள விலகலுக்கு ‘வாண்டர்’ என்று வேறு பெயரே உண்டு. அதிவேக இணைப்புகளில் அளவுக் கருவியே முதலில் ஒரு மாதிரி ரிசீவரைப் போல நடந்துகொண்டு, மெதுவான விலகலை நீக்கிய பிறகே எண்ணைத் தரும். ஃபைபர் சேனல் மரபில் அந்த எல்லை, தரவு வேகத்தை 1667-ஆல் வகுத்தால் கிடைப்பது, 1.0625 கிகாபிட் இணைப்புக்குச் சுமார் 637 கிலோஹெர்ட்ஸ். எல்லையை மாற்றினால் அதே சிப் தேறவும் செய்யும், தோற்கவும் செய்யும். வடிகட்டிக்குப் பின் எஞ்சுவதையும் பிரித்தாக வேண்டும். மின்வழங்கியின் சலசலப்புப் போன்ற காரணமுள்ள விலகலுக்கு வரம்பு உண்டு. இரைச்சலால் வருவதற்கு வரம்பே கிடையாது. அதனால் லட்சங்கோடி பிட்டுகளில் ஒரு பிழையே அனுமதி என்றால், பின்னதன் நியமவிலக்கத்தைச் சுமார் 14-ஆல் பெருக்கிக் கணக்கில் வைக்கிறார்கள். எத்தனை பிட்டுகள் அளக்கப்பட்டன என்று சொல்லாமல் ‘உச்ச விலகல் இவ்வளவு’ என்பது வெற்றுப் பேச்சு.

ஒலியியல் மாணவர்கள் இவ்விடத்தில் நின்று படிக்கவேண்டும். குரல்நாண்கள் ஒவ்வொரு சுற்றிலும் காட்டும் காலவேறுபாட்டுக்கும் ஜிட்டர் என்றே பெயர். வாக்கியம் முடிகையில் தொனி தாழ்வது மெதுவான விலகல். அது பொருளுடையது, நோயன்று. அதைத் தவிர்க்கவே ப்ராட் மென்பொருள் அடுத்தடுத்த சுற்றுகளை மட்டும் ஒப்பிடுகிறது. மூன்று சுற்றுகளின் சராசரியோடு ஒப்பிடும் அளவும், ஐந்தின் சராசரியோடு ஒப்பிடும் அளவும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி. எம்டிவிபி என்னும் மென்பொருள் நோய்க்குறிக்குத் தரும் வரம்புகள் முறையே 1.040, 0.680, 0.840 விழுக்காடு. ஒரே குரல், மூன்று எண்கள். ஆனாலும் ‘ஜிட்டர் இத்தனை விழுக்காடு’ என்று மட்டும் எழுதி, எந்த அளவு என்பதைச் சொல்லாத அட்டவணைகள் ஆய்வேடுகளில் இடம்பெறுகின்றன, தேர்வாளர்களும் கேட்பதில்லை.

அந்த 1.040-ஐத் தரும் ப்ராட் கையேடே, அது இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து வந்தது என்றும், சரியான வரம்பு அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும் என்றும் அடுத்த வரியிலேயே சொல்கிறது.