ரஞ்சிக் கோப்பையும் லாரன்ஸ் ரோடும்

கிரிக்கெட்டின் ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு இரண்டே முறைதான் வென்றிருக்கிறது. முதல் முறை 1954-55இல், மெட்ராஸ் அணியாக இருந்தபோது. நான் அப்போது பிறக்கவில்லை. இரண்டாவது முறை 1987-88இல். இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது பத்து முறை. அந்தத் தோல்விகளில் பெரும்பாலானவற்றை நான் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்தபடிதான் பட்டு அனுபவித்தேன். இந்த இரண்டு ஊர்களின் தெருக்களும் எனக்கு ஆட்டங்களோடு சேர்ந்தே ஞாபகம் இருக்கின்றன. எந்த ஆண்டு யாரிடம் தோற்றோம் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு எந்தக் கடை வாசலில் நின்றேன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் கடலூர் ஒரே ஊர்போல இருக்காது. முதுநகரில் துறைமுகமும் ரயில் ஜங்ஷனும் மீன் வாடையும். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரி, கோர்ட்டு, பள்ளிக்கூடங்கள், நடுவே அந்தப் பெரிய மைதானம். கெடிலம் ஆற்றைத் தாண்டினால் திருப்பாப்புலியூர். ஏட்டில் திருப்பாதிரிப்புலியூர் என்று இருந்தாலும் பஸ் கண்டக்டரிலிருந்து கோயில் குருக்கள் வரை எல்லோருக்கும் அது திருப்பாப்புலியூர்தான். கோடை விடுமுறை வந்துவிட்டால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஓர் அணியின் மிட் ஆன் நிற்கும் இடத்தில் இன்னோர் அணியின் விக்கெட் கீப்பர் குத்துக்காலிட்டிருப்பான். எந்தப் பந்து யாருடையது என்று தெரிந்து பிடிப்பதே ஒரு தனித்திறமை. காசு உள்ளவர்கள் கார்க் பந்தில் ஆடினார்கள், மற்றவர்கள் ரப்பர் பந்தில்.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடிகார ரிப்பேர் கடை இருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அகலம். கண்ணாடிப் பெட்டிக்குள் வயிறு திறந்து கிடக்கும் கடிகாரங்கள். சுவரில் ஆணியடித்து மாட்டிய, தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். ஒரு கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு கடைக்கார அண்ணன் பல்சக்கரங்களை நோண்டிக்கொண்டிருப்பார். காது மட்டும் ரேடியோவில் இருக்கும். விக்கெட் விழுந்ததும் கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு எழுந்து வருவார். வாசலில் தொங்கும் சிலேட்டில் பழைய எண்ணைத் துணியால் துடைத்து, புதிய எண்ணை எழுதுவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேட்டரிக் கட்டையில் உயிர் குறைந்தால் அதை எடுத்துக் கடைவாசல் வெயிலில் காய வைப்பார். அந்த இடைவெளியில் என்ன ஆனதோ என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் தவித்துக்கொண்டு நிற்போம்.

எங்களில் ஒருவன் ஒருநாள் அவரிடம் கேட்டான்: "அண்ணே, டீம்ல இருக்கறவன் எல்லாம் மெட்ராஸ்காரன். நம்மூர்க்காரன் ஒருத்தன்கூட இல்ல. அவன் ஜெயிச்சா நமக்கு என்னாண்ணே?"

அவர் லென்ஸைக் கழற்றாமலேயே பதில் சொன்னார்: "தோத்தா உனக்கு வயிறு எரியுதா இல்லியா? எரியுதுல்ல? அப்ப அது உன் டீமுதான்டா தம்பி."

1973 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். எதிரணி பம்பாய். 1958-59இலிருந்து பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை விடாமல் வைத்திருந்த அணி. ஆனால் களம் சுழலும் என்றார்கள். எங்களிடம் வெங்கட்ராகவன், வி.வி.குமார் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இந்த முறை விட மாட்டோம் என்று ஊரே நம்பியது. பம்பாய் 151 ரன்னில் சுருண்டபோது சிலேட்டைச் சுற்றிக் கைதட்டல். பிறகு நாங்கள் ஆடினோம்: 80. பம்பாய் மறுபடி ஆடி 113. நாங்கள் மறுபடி ஆடினோம்: 61. பத்மாகர் ஷிவல்கர் என்ற இடதுகைச் சுழல்காரர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. நம் ஆட்களுக்காகச் சுழலும் என்று நம்பிய களம் நம்மையே சுருட்டிவிட்டது. அண்ணன் சிலேட்டில் 61 என்று எழுதவே இல்லை. துடைத்து வெறுமையாக மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

வெங்கட்ராகவனையும் குமாரையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. ரஞ்சியில் வெங்கட்ராகவன் ஐந்நூறு விக்கெட்டுக்கு மேல், குமார் நானூறுக்கு மேல். வேறு எந்த மாநிலத்துக்கு இப்படி ஒரு ஜோடி கிடைத்திருந்தாலும் அலமாரி நிறைந்திருக்கும். குமார் அணிக்குள் வந்தது 1955-56இல், முதல் கோப்பையை வென்ற மறு ஆண்டு. வெங்கட் ஓய்வு பெற்றது 1985 வாக்கில், இரண்டாவது கோப்பைக்குச் சற்று முன்னால். முப்பத்து மூன்று ஆண்டு வறட்சிக்குள்ளேயே அந்த இருவரும் வந்து, ஆடி, கிளம்பிப் போய்விட்டார்கள். மட்டையாளர்கள் இன்னும் ஐம்பது ரன் சேர்த்துக் கொடுத்திருந்தால் போதும் என்று சொல்லத்தக்க ஆட்டங்கள் எத்தனை!

அடுத்து சிதம்பரம். மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் கோயிலும் நான்கு வீதிகளும், மறுபக்கம் அண்ணாமலை நகர். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சாஸ்திரி ஹாலும் நூலகமும் வேப்பமர நிழல்களும். நாங்கள் தங்கிய விடுதியின் வாசிப்பு அறையில் விளையாட்டுப் பக்கத்துக்கு அடிதடி. மாநிலச் செய்தியில் ரஞ்சி முடிவைச் சொல்வார்கள் என்று காத்திருந்து, வாசிப்பவர் அதைச் சொல்லாமலே வணக்கம் போட்டுவிட்டால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது.

மாலையில் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளும் நடப்போம். கீழ வீதியில் தொடங்கும் வாக்குவாதம் வடக்கு வீதிக்கு வரும்போது சண்டையாகி, மேல வீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடும்போது ஒருவழியாகச் சமாதானம் ஆகும். கொத்சுக்கு அந்த ஊரில் கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, புளி ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்க வைப்பார்கள். டி.இ.சீனிவாசன் போல அடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தும் ஏன் நிலைத்து நிற்க ஆளில்லை என்பதுதான் எங்கள் ஓயாத கேள்வி. பக்கத்து மேஜையில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். 1955இல் இந்தூரில் ஹோல்கர் அணியை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்திய கதையை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். கேப்டன் பாலு அளகனன். பின்னாளில் வானொலி வர்ணனையில் புகழ் பெற்றவர். "ஹோல்கர்னா லேசுப்பட்ட டீம் இல்லீங்க, அதையே ஜெயிச்சோம். முடியாதுன்னு இல்ல" என்பார். ரஞ்சியின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, 1934 நவம்பரில். மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டோம், ராம் சிங் பதினோரு விக்கெட் எடுத்தார் என்றும் சொல்வார். அப்படித் தொடங்கிய அணிக்கா இந்தக் கதி என்று எங்கள் ஆத்திரம் இன்னும் ஏறும்.

1988இல் நான் மறுபடி கடலூரில் இருந்தேன். சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம், எதிரணி ரயில்வேஸ், கேப்டன் எஸ்.வாசுதேவன். ரயில்வேஸ் 317. தமிழ்நாடு 709. எழுநூற்று ஒன்பது! ஓர் இன்னிங்ஸ் 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி. கடிகாரக் கடை அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. சிலேட்டில் 709 என்று மட்டும் பெரிதாக எழுதி மாட்டினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அடுத்த வாரங்களில் வேறு ஆட்டங்கள் வந்தும் அதை அழிக்கவில்லை. கடிகாரம் வாங்க வந்த பெண்கள் அது ஏதோ விலை என்று நினைத்துக் கேட்டார்கள். அதே ஆண்டு இரானிக் கோப்பையில் வி.பி.சந்திரசேகர் 56 பந்தில் நூறு அடித்தார். 1989 தொடக்கத்தில் கோவாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் டபிள்யூ.வி.ராமனும் அர்ஜன் கிருபால் சிங்கும் ஆளுக்கொரு முந்நூறு. இனி வரிசையாகக் கோப்பைதான் என்று நாங்கள் நம்பியதில் நியாயம் இருந்தது.

அந்த வரிசை வரவில்லை. 1991-92இல் டெல்லியிடமும் 1995-96இல் கர்நாடகத்திடமும் இறுதியில் தோற்றோம். 2000 அரையிறுதியில் மும்பையில் 485 ரன் எடுத்தோம், ஹேமங் பதானி 162. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 233 அடித்து, கடைசி ஆட்களை வைத்துக்கொண்டே மும்பையை 490க்குக் கொண்டு போனார். ஐந்து ரன் முன்னிலை! பிறகு 2002-03, 2003-04 என்று அடுத்தடுத்து இரண்டு இறுதிகளில் மும்பையிடமே தோல்வி.

எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது 2012தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பரம்பரையாக நின்ற பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரிக் காடுகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் முறிந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகளில் காசு கொடுத்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். அந்த ஜனவரியில்தான் சேப்பாக்கத்தில் ராஜஸ்தானோடு இறுதி ஆட்டம். எங்கள் மாவட்டத்துக்கு அந்த மாதம் ஒரே ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது. ராஜஸ்தான் 621 ரன் குவித்தது. வினீத் சக்சேனா மட்டும் 257. முதல் இன்னிங்ஸ் முன்னிலையிலேயே கோப்பை போய்விட்டது. ஓராண்டுக்கு முன்பு பிளேட் பிரிவிலிருந்து ஏறி வந்து கோப்பையை வென்ற அணி, எங்கள் வீட்டுக்குள் வந்து அதை இரண்டாம் முறையும் எடுத்துச் சென்றது. விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் அரிவாளை ஊன்றிக்கொண்டு என்னிடம், "இதுவும் போச்சுங்களா?" என்றார்.

2015 இறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 134. அவர்கள் 762, கருண் நாயர் 328. 2024 அரையிறுதியில் மும்பையில் முதல் நாளே 146. அங்கும் ஒரு வாசல் திறந்தது. சாய் கிஷோர் விக்கெட்டுகளைச் சரித்து மும்பையை 106க்கு 7 என்று நிறுத்தினார். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் சதம் அடித்து 378க்குக் கொண்டு போய்விட்டார். இன்னிங்ஸ் தோல்வி.

80, 134, 146. ஐம்பது ஆண்டு இடைவெளியிலும் நோய் ஒன்றுதான். பெரிய ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில், எதிரணி பந்துவீச்சு வேகம் பிடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துத் தாண்ட நம்மால் முடிவதில்லை. எதிரணியைச் சாய்த்துவிட்டு, கடைசி மூன்று பேரை எழுந்து நிற்க விடுகிறோம். திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருபது ஓவர் ஆட்டத்தில் சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 என மூன்று முறை வென்றவர்கள் இதே தமிழ்நாட்டுக்காரர்கள். கடைசி முறை, கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது ஷாருக்கான் சிக்ஸர் அடித்தார். மூன்று மணி நேரம் நெஞ்சுரத்தோடு நிற்கிறவர்கள் நான்கு நாள், ஐந்து நாள் என்று வந்தால் தளர்ந்து போகிறார்கள்.

காரணத்தை எங்கள் ஊர் மைதானத்திலேயே பார்க்கலாம். இங்கே பிள்ளைகள் ஆடுவது டென்னிஸ் பந்தில், பத்து ஓவர் போட்டி, ஞாயிற்றுக்கிழமை, பரிசுப் பணம். ஒருநாள் முழுக்க நின்று ஆட அவர்களுக்குக் களமும் இல்லை, காலமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜன் 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார் என்றால், அப்படிப்பட்டவர்கள் கெடிலக் கரையிலும் வெள்ளாற்றங்கரையிலும் இல்லாமலா இருப்பார்கள்? 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள் வந்தன. எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

பல நாள் ஆட்டத்தை மாவட்டங்களுக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கடலூரிலும் சிதம்பரத்திலும் பதினான்கு, பதினாறு வயதுப் பையன்களுக்குத் தோல் பந்தும் நல்ல ஆடுகளமும் கொடுத்து, மூன்று நாள் ஆட்டங்களை ஆட வையுங்கள். காலையில் இறங்கி மாலை வரை அவுட் ஆகாமல் நிற்பதில் உள்ள சுகத்தை ஒரு முறை ருசித்தவன் அதை விட மாட்டான். 1988க்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறை, ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாட்டின் கையில் ஒருமுறைகூடப் பார்க்காமலே நடுவயதை நெருங்குகிறது. அவர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த இறுதி ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் நான் போவேன். இந்த மாவட்டத்துப் பையன் ஒருவன் அதில் ஆட வேண்டும் என்று விரும்புகிறேன், நாம் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.