திடலில் மீண்டும் கம்புகள்

சிலம்பத்தில் முதலில் கற்பிக்கப்படுவது அடி அன்று, நிற்கும் இடம். கம்பைப் பிடித்துக் கையை நீட்டிச் சுழற்றினால் எவ்வளவு வெளி தேவையோ, அவ்வளவையும் ஒவ்வொரு மாணவனும் தன்னைச் சுற்றி அளந்து கொள்கிறான். அந்த வட்டத்திற்குள் வேறொருவன் நுழைந்தால் காயம் இருவருக்கும் உண்டு. ஆதலால், 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்து, 'இடைவெளி' என்னும் சொல் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியபோது, நமது சேத்தியாத்தோப்பு ஆலயத் திடலில் மாலைதோறும் கம்பு சுழற்றிய சிறாருக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை. ஆயினும் ஊரில் முதலில் நின்றுபோனவற்றுள் அவர்களுடைய வகுப்பும் ஒன்று.

அச்சிறாருள் பெரும்பாலோர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுவோர், வெள்ளாற்று அணைக்கட்டுப் பாசனத்தில் நடவு செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள். எல்லாச் சமயத்தாரும் அவர்களுள் இருந்தனர். கற்றுத்தந்த ஆசானோ எழுபதை நெருங்கியவர். மாதக் கட்டணமாகக் கிடைக்கும் சிறு தொகையும், திருவிழாக்களில் ஆட்டம் காட்டினால் வரும் அன்பளிப்புமே அவருடைய வருவாய். 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து தொழிலாளர் ஊர் திரும்ப, சில நாள்களிலேயே கடலூர் மாவட்டத்து நோயாளர் எண்ணிக்கை நூறுகளாக ஏறியது. அதன்பின் திடலைப் பற்றிப் பேசவே எவரும் துணியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் உடற்பயிற்சிக் கூடங்களைத் திறக்க இசைவு வந்தது. ஒருவருக்கு 4 சதுர மீட்டர் இடம், 6 அடி இடைவெளி என்றெல்லாம் நடுவண் நலவாழ்வு அமைச்சகம் வகுத்திருந்தது. விதிகள் நல்லவையே. ஆனால் 65 வயதைக் கடந்தோர் மூடிய கூடங்களுக்கு வர வேண்டாம் என்றும் அவற்றுள் ஒரு வரி இருந்தது. அதன்படி மாணவன் வரலாம். கற்றுத்தரும் ஆசான் வரக்கூடாது! நகரத்துக் கூடங்களில் இளைஞரே பயிற்றுநர். நாட்டுப்புறக் கலைகளிலோ முதியவரே கருவூலம். பிள்ளைகளுக்கு மெல்லியதாய் வந்து போகும் நோய், அவர்கள் மூச்சின் வழியே ஆசானைச் சென்று சேருமானால்? நம்மை உறங்கவிடாத கேள்வி அதுதான்.

2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. அவ்விரண்டாம் அலையில் நாம் நடத்திய அடக்கச் சடங்குகளை எண்ண இப்போதும் மனம் வரவில்லை. நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளும் பள்ளிக்குத் திரும்பினர். அந்த வாரமே ஆசான் நம்மிடம் வந்தார். அதற்குள் அவர் இரண்டு தடுப்பூசிகளும் போட்டிருந்தார். "சாமி, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல ஒட்டி உட்காருதுங்க. திடல்ல நிக்கக் கூடாதா?" என்று கேட்டார். மறுக்க நம்மிடம் விடை இல்லை. ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அவ்வாண்டு மழையோ பெருமழை. திடல் சேறாகிக் கிடந்தது.

பெற்றோர் சிலர், பங்கு மண்டபத்தைத் திறந்துவிடுமாறு வேண்டினர். சன்னல்களைச் சாத்தினால் சாரலும் வராது என்றனர். இங்கேதான் நாம் கடுமை காட்ட வேண்டியதாயிற்று. 2020 பிப்ரவரி, மார்ச்சில் தென்கொரியாவின் சோனான் நகரில் நடந்தது நம் நினைவில் இருந்தது. இசைக்கேற்ப வேகமாய் ஆடும் உடற்பயிற்சி வகுப்புகளின் வழியே, 12 நிலையங்களோடு தொடர்புடைய 112 பேருக்கு நோய் கண்டது. சிறிய அறைகள், நெருங்கிய கூட்டம், வாங்கி வாங்கி விடும் மூச்சு. நோயுற்றிருந்த பயிற்றுநருள் ஒருவர் யோகாவும் கற்பித்தார். ஏழெட்டுப் பேரே இருந்த அந்த மெதுவான வகுப்பில் எவருக்கும் தொற்றவில்லை. சிலம்பம் முதல் வகையைச் சேர்ந்தது. எனவே மண்டபம் வேண்டாம். மழை விட்ட மாலைகளில் திடல், விடாத மாலைகளில் நாற்புறமும் திறந்த தகரக் கொட்டகை, அங்கும் ஒரு முறைக்கு எட்டுப் பேர் மட்டும் என்று முடிவாயிற்று. எட்டுப் பேராகப் பிரித்தால் ஆசான் ஒரே பாடத்தை மும்முறை நடத்த வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே நடத்தினார்.

முதல் வாரங்களில் காலடி வரிசையும் தனிச் சுழற்றும் மட்டுமே. குத்துவரிசை, பிடி ஆகியவை கிடையா; எதிரெதிர் நின்று மோதுவதும் கிடையாது. அவரவர் கம்பு அவரவர்க்கே. ஆசான் முன்பெல்லாம் மாணவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். இப்போது தம் கம்பின் நுனியால் தொட்டுக் காட்டினார். அந்த முனை கண்டிப்பானது என்று பிள்ளைகள் சிரித்தனர். நோயுற்று எழுந்தவர்கள் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழ் 2021 சனவரியில் ஓர் அறிவுரை வெளியிட்டிருந்தது: குறிகள் முற்றும் நீங்கி 7 நாளேனும் கழிந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குதல், தொடங்கியபின் முதல் இரண்டு வாரம் மிக மெல்லிய அசைவோடு நிறுத்துதல். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதையும் பெற்றோரிடம் ஒவ்வொருவராய்ச் சொன்னோம்.

பெரிய பையன்களுக்கு இது பொறுக்கவில்லை. "வீரக்கலையைப் பயந்து பயந்து கற்பதா, ஃபாதர்?" என்று ஒருவன் கேட்டே விட்டான். குருமடத்தில் படித்த ஒன்று அப்போது நமக்குக் கைகொடுத்தது. துணிவு என்னும் நற்பண்பின் தலையாய செயல் தாக்குதல் அன்று, அசையாமல் தாங்கி நிற்றலே என்பார் புனித தோமா அக்குவினா. ஆசானுக்கு அக்குவினாவைத் தெரியாது. அவர் அவனைக் கம்பை நீட்டியபடி ஐந்து நிமிடம் அசையாது நிற்கச் செய்தார். மூன்றாம் நிமிடத்திலேயே கை நடுங்கிற்று. பையன் அதன்பின் கேட்கவில்லை.

2022 சனவரியில் மூன்றாம் அலை. இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் வந்தன. திடல் மறுபடியும் ஓய்ந்தது. பிப்ரவரி 1 அன்று பள்ளிகள் திறந்தபின் நாமும் தொடங்கினோம். 12 முதல் 14 வயதினர்க்குத் தடுப்பூசி மார்ச்சு 16 முதலே கிடைத்தது. அதற்கும் பின்னரே கம்போடு கம்பு மோதும் ஓசை கேட்டது.

அப்போது எவரும் எதிர்பாராத ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சிலம்பக் கம்பு நிற்பவனின் புருவத்தை எட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசானின் அளவு. இரண்டாண்டுகளில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், கம்புகள் வளரவில்லை. சிலருக்கு அவை மார்பளவே நின்றன. குட்டைக் கம்பு எதிராளியை மிக அருகில் அழைத்துவிடும், தடுப்பும் தவறும். ஆசான் அனைவரையும் வரிசையில் நிறுத்தி அளந்தார். புதிய பிரம்புகள் வந்தன. பழைய கம்புகள் துடைத்து எண்ணெய் பூசப்பெற்றுப் புதிதாகச் சேர்ந்த சிறுவர்க்குப் போயின. சில கம்புகளுக்கு உரியவர்கள் அளவெடுக்க வரவே இல்லை. ஒருவன் திருப்பூரில் பனியன் வேலைக்குப் போய்விட்டான்; ஒரு பெண்பிள்ளை தந்தையை இழந்தபின் தாயோடு வேறூர் சென்றாள். அவற்றை எவருக்கும் கொடுக்க ஆசான் இசையவில்லை. கொட்டகையின் மூலையில் அவை இன்னும் சாத்தியே இருக்கின்றன.